மாதச் சந்தா மவுஸும் மாப்பிள்ளை மரியாதையும்

கிழக்கு தாம்பரம்,
வியாழக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தர் அவர்களுக்கு, மாமனார் சத்யநாராயணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியார் காமுவும் சௌக்கியம். நீங்களும் சின்மயியும் வேலை பார்க்கும் கம்பெனி எங்களைவிடச் சௌக்கியமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடுவாஞ்சேரிக்கு ரயிலேறி வந்து நேரிலேயே சொல்லியிருப்பேன். நேரில் வந்தால் கோபம் வந்துவிடும். மாப்பிள்ளையிடம் கோபப்படுவது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால்தான் தபால்.

என் பிறந்தநாளுக்கு உங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றைப் பரிசளித்தீர்கள். மூன்று மாதம் கழித்து அதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும் என்று பெட்டியின் அடிப்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருந்ததாம். பரிசுப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் நாகரிகம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. காலனி நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில் அதை மீட்டிங்கில் காட்டிப் புகழ்ந்தேன். என் பேச்சை நம்பிப் பதினெட்டு வீடுகளில் வாங்கினார்கள். அது மாப்பிள்ளையின் கம்பெனிச் சரக்கு என்று மட்டும் சொல்லவில்லை. தெய்வம் அந்த மட்டும் துணை நின்றது.

போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு சவுரிமுத்து சார், தங்கை மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போக தட்கல் டிக்கெட் எடுக்க என் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேடி வந்தார். அவருடைய மவுஸ் முந்தின நாளே உயிரை விட்டிருந்தது; நல்ல நாள் பார்த்து அவருக்கு மறுநாள் மாட்டியதால் என்னுடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு புக்கிங் திறந்த அதே நிமிஷம் என்னுடையதும் நின்றது. ‘சந்தா முடிந்தது, புதுப்பிக்க இங்கே கிளிக் செய்யவும்’ என்று திரையில் வந்தது.

“கிளிக் பண்றதுக்கு மவுஸ் வேணுமே சார்” என்றார் சவுரிமுத்து, ரொம்பப் பொறுமையாக.

உங்கள் கஸ்டமர் கேர் பெண்ணைக் கூப்பிட்டேன். “வேற மவுஸ் வச்சு கிளிக் பண்ணிக்கோங்க சார்” என்றாள். உங்கள் மவுஸுக்குச் சந்தா கட்டுவதற்காக, குரோம்பேட்டையில் போய் இன்னொரு மவுஸ் வாங்கினேன். கதையைக் கேட்ட கடைக்காரர், “இதுவே நல்லா ஓடுமே சார், அத எதுக்கு ரினியூ பண்றீங்க?” என்றார். மாப்பிள்ளை கொடுத்தது என்றேன். அந்த மனிதர் உடனே பில்லில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார். திரும்பி வருவதற்குள் டிக்கெட் தீர்ந்து, சவுரிமுத்து சார் அன்ரிசர்வ்டில் கால் கடுக்க நின்றுகொண்டு நாகர்கோவில் போனார்.

இந்தச் சந்தா யோசனைக்காகக் கம்பெனியில் ஷீல்டு கொடுத்தார்களாம். அதைப் பிடித்தபடி நீங்கள் நிற்கும் போட்டோவை காமு எல்லோருக்கும் காட்டுகிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்வதுதான் இடிக்கிறது. கல்யாணத்தோடு செலவு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு தலை தீபாவளி, பொங்கல் சீர், ஆடிச் சீர் என்று வருஷம் தவறாமல் கட்டி வருகிறேன். ஒரே ஒரு ஆடிக்கு வெள்ளிக் கிண்ணம் தவறியதற்கு நீங்களும் மூன்று மாதம் வேலை செய்யவில்லை. போன் போட்டால் “ம்” மட்டும்தான் வந்தது.

இப்போது விஷயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை காலை, காலனிக்காரர்கள் பதினெட்டு மவுஸையும் உங்கள் ஆபீஸ் வாசலில் குவித்து ஆர்ப்பாட்டம் செய்யப்போகிறார்கள். ‘தலைமை: சத்யநாராயணன்’ என்று நோட்டீஸும் அடித்துவிட்டார்கள். போனால் பெற்ற பெண்ணின் ஆபீஸ் வாசலில் நின்று மாப்பிள்ளை ஒழிக என்று கத்த வேண்டும். போகாவிட்டால் ஏன் என்று துருவுவார்கள். உண்மை தெரிந்தால் காலனியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஆகவே திங்கட்கிழமைக்குள் இந்தச் சந்தாவை ரத்து செய்ய ஏற்பாடு பண்ணும்படி கேட்டுக்கொள்கிறேன். தீர்க்காயுசுடனும், தங்களைப் போலவே பிறரும் வாழட்டும் என்ற நல்ல புத்தியுடனும் இருக்க ஆசீர்வதிக்கும்,

சத்யநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டும் சமயத்தில் சின்மயி போன் செய்தாள். “அவர் இது அநியாயம்னு என்கூட சண்டையே போட்டார்ப்பா. ஐடியா என்னுது. ஷீல்டும் என்னுதுதான், போட்டோவுக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கச் சொன்னேன்” என்றாள். மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலமே சங்கத்தைக் கூட்டி, மாதச் சந்தா எவ்வளவு தொலைநோக்கான ஏற்பாடு என்று முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருத்தரும் அசையவில்லை. பதினெட்டு வீட்டுச் சந்தாவையும் இனி நானே கட்டுகிறேன் என்ற பிறகுதான் ஆர்ப்பாட்டத்தைக் கைவிட்டார்கள். இது சின்மயிக்குத் தெரிய வேண்டாம்.