பூவாத்தாவும் பதினொன்றாம் கேள்வியும்

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று கேட்டுக்கொண்டு யாரும் என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம், குணசீலர் என்று ஒரு நரியார் மருந்துக் கம்பெனி நடத்திவந்தார். அதே காட்டில் தவமணியார் என்று ஓர் உடும்பார் 'பிறவா உயிர் காப்புச் சங்கம்' நடத்திவந்தார். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் தண்ணீர் குடித்த குட்டையில் இவர் கால் நனைக்க மாட்டார்.

சண்டை எதைப் பற்றி என்றால், ஒரு மான்குட்டியைப் பற்றி. அதுவும் பிறக்காத மான்குட்டி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காட்டில் பெரும்பஞ்சம் வந்தது. புல் கருகிப்போச்சு, குட்டையில் சேறுதான் மிச்சம். தான் பிழைப்போமா என்பதே தெரியாத நிலையில், சினையாக இருந்த மான்களில் சில, ஆலமரத்தடியில் நடந்த முகாமுக்குப் போய்க் கருவைக் கலைத்துக்கொண்டன. முகாம் நடத்தியது நரியாரின் ஆட்கள். "கவலைப்படாம போங்க, நாங்களே குழி தோண்டி மரியாதையாப் புதைச்சிடறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறைப் புதைத்தார்கள். ஏழாவதைப் புதைக்கவில்லை. அதிலிருந்து துளி சதையை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு, அதன் உயிரணுக்களை வளர்த்தார்கள்.

அது பாட்டுக்கு வளர்ந்தது. ஒரு குப்பி பத்தாகி, பத்து ஆயிரமாகி, இன்றைக்கும் சாகாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு மா.கு.-7 என்று பெயர் வைத்தார்கள். மான்குட்டி, ஏழாவது. பெயர் வைக்கவும் ஒரு மனசு வேண்டுமே, அது அவர்களிடம் அவ்வளவுதான் இருந்தது.

அந்த அணுக்களில் கொப்புளக் காய்ச்சல் கிருமியை வளர்த்து, அதன் பல்லைப் பிடுங்கி, சொட்டு மருந்து செய்தார்கள். மருந்துக்குள் குட்டி கிடையாது. ஆனால் அந்தக் குட்டி இல்லாமல் அந்த மருந்தும் கிடையாது. மருந்து நல்ல மருந்துதான், அதில் பொய் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வருஷத்துக்கு நூறு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போன காய்ச்சல் அடங்கிவிட்டது. நரியார் அத்தோடு விட்டாரா? அதே அணுக்களை நாக்குபோல வைத்து எந்த ருசி ஏறுகிறது என்று சோதித்துப் பார்த்து, 'நாவமுதம்' சூப்புப் பொடி என்று ஒன்றையும் சந்தையில் இறக்கினார். கேள்வி கேட்டால் சாகக் கிடந்து பிழைத்த குட்டிகளின் படத்தைக் காட்டுவார். சூப்புப் பொடியின் படத்தைக் காட்ட மாட்டார்.

விஷயம் வெளியே கசிந்ததும் உடும்பார் கொதித்தெழுந்தார். "பிறக்காத உயிரை வெச்சுப் பிழைக்கிறான் பாவி" என்று மரத்துக்கு மரம் கூட்டம் போட்டார். உடும்பார் தினம் காலையில் காட்டுக்கோழி முட்டை நாலு சாப்பிடுகிறவர். ஒரு கோழி துணிந்து எழுந்து, "ஐயா, அதுவும் பிறக்காததுதானுங்களே" என்று கேட்டது. "முட்டை சைவம்மா, உட்காரு" என்றார். கோழி உட்கார்ந்துவிட்டது. சைவம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் என்ன பேசுவது?

வழக்கு யானை நீதிபதியிடம் போனது. யானை நாலு வருஷம் காதை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, மருந்து இருக்கட்டும், ஆனால் வாங்குகிறவர்கள் விஷயம் தெரிந்து, மனசாட்சிப்படி வாங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்படி ஒரு படிவம் வந்தது. அதில் பதினோரு கேள்வி. பத்துக் கேள்வி பெயர், இனம், கொம்பு உண்டா என்ற வகை. பதினொன்றாவது: 'இம்மருந்தின் மூலம் குறித்து உமக்கு மனச்சங்கடம் உண்டா? ஆம் / இல்லை.' இல்லை என்றால் மருந்து. ஆம் என்றால் மருந்து கிடையாது, எதிரே உடும்பாரின் பந்தலுக்குப் போய்த் தூய வேர்த்தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். வேர்த்தண்ணீர் குடித்துப் பிழைத்தவர்கள், காய்ச்சலே வராதவர்கள்.

உடும்பாரின் பேரன்கள் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும், அவர் வீட்டு வேலைக்காரப் பல்லி போய் 'இல்லை'யில் டிக் அடித்து மருந்து வாங்கி வந்தது. மனச்சங்கடம் பல்லிக்கு இல்லை என்றுதானே எழுதியது, தனக்கு இல்லை என்று எழுதவில்லையே என்பது உடும்பாரின் கட்சி.

இப்படியாகக் காடு தர்மத்தோடு நடந்துகொண்டிருந்தபோது, கூட்டம் எதற்கும் போகாமல் காட்டின் கடைக்கோடியில் இருந்த பூவாத்தா என்ற பெண்மானின் குட்டி செல்லிக்குக் கொப்புளக் காய்ச்சல் வந்தது. போன மழைக்குப் பிறந்த குட்டி. அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் சொட்டு உள்ளே போகவில்லை என்றால் கொப்புளம் தொண்டைக்குள் இறங்கிவிடும், பிறகு பிரம்மாவே வந்தாலும் ஆகாது. பூவாத்தாவுக்கு விவரம் தெரிந்து புறப்பட்டபோது மூன்றாம் நாள் காலை. பக்கத்துப் புதர் முயலிடம் செல்லியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மருந்துக் கம்பெனிக்கு ஓடிவந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் அறுபது பேர். இடையில் மயில் ஒன்று யாருடைய சிபாரிசுக் கடிதத்தையோ கவ்விக்கொண்டு நேராக உள்ளே போனது. வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

அவள் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஜன்னலில் அப்பாவு என்ற மரங்கொத்தி. அலகாலேயே முத்திரை குத்துவான்.

"பேரு?"

"பூவாத்தாங்க."

"கொம்பு?"

"பொட்டை மானுக்கு ஏதுங்க கொம்பு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. உண்டா, இல்லையா?"

"இல்லைங்க."

பதினொன்றாம் கேள்விக்கு முன்னால் மருந்தின் மூலத்தை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்பது யானையின் உத்தரவு. அப்பாவு ஒரு நாளைக்கு இருநூறு தடவை வாசிக்கிறவன், காகிதத்தைப் பார்க்காமலே ஒப்பித்தான். "பெரும்பஞ்ச ஆண்டில், ஆலமரத்தடி முகாமில், இடது காது இரண்டாகக் கிழிந்த பெண்மான் ஒன்றின் ஏழாவதாகப் பதிவான கருவிலிருந்து பெற்ற அணுக்களில் இம்மருந்து தயாரிக்கப்படுகிறது." ஒப்பித்துவிட்டு நிமிர்ந்தான். எதிரே நின்ற மானின் இடது காது இரண்டாகக் கிழிந்திருந்தது.

பூவாத்தா ஜன்னலுக்கு இன்னும் கிட்டே வந்தாள். பிறகு, "புதைச்சிட்டோம்னு சொன்னாங்களே" என்றாள். "வருஷா வருஷம் ஆலமரத்தடியில ஒரு வாய் புல்லு வெச்சுட்டு வர்றேனே நானு."

அப்பாவுவுக்கு இருபது வருஷ சர்வீஸ். இந்த நிலைமைக்கு விதி எதுவும் அவன் படித்ததில்லை. விதி இல்லாத இடத்தில் அவன் கேள்வியையே திரும்பக் கேட்பான். "மனச்சங்கடம் உண்டா, இல்லையா?"

"இருக்காதுங்களா?"

"அப்ப மருந்து கிடையாது. அடுத்து யாரு?"

"இருங்க. மருந்தும் வேணும். எம் புள்ளைக்கு இன்னிக்கு மூணாவது நாளு."

"சங்கடமும் இருக்கு, மருந்தும் வேணும்னா அதுக்குக் கட்டம் இல்லம்மா. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டுமே இருக்குங்க. எதைப் போயி இல்லேங்கறது?"

அந்தக் காட்டில் ஆறு வருஷமாக இந்த விஷயத்தைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. அதில் ஒரு வாயாவது உண்மையைப் பேசியது என்றால் அன்றைக்குத்தான். அதற்குக் கட்டம் இல்லை என்று அப்பாவு சொன்னது ரொம்பச் சரி. பின்னால் நின்ற காட்டுப்பன்றி, "சீக்கிரம் சொல்லித் தொலையேன், எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு" என்றது.

காது கிழிந்த மான் வந்திருக்கிற சேதி எதிரே பந்தலுக்கு எட்டியது. அங்கே உடும்பார் பதினாறாம் நாள் உண்ணாவிரதத்தில் இருந்தார். நாவமுதம் சூப்பு உணவில் சேர்த்தி இல்லை என்பதால் அது மட்டும் வேளாவேளைக்கு நடந்துகொண்டிருந்தது. டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்து பூவாத்தாவின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டார். உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்.

"தாயே, உன்னைத்தான் ஆறு வருஷமாத் தேடறேன். மேடைக்கு வா. எங்கிட்டக் கேக்காம எடுத்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னிக்கே கம்பெனியை மூடி மருந்தை நிறுத்திடலாம்."

"நிறுத்திட்டா எஞ் செல்லிக்கு?"

"கோடிக்கணக்கான பிறக்காத உயிருக்காகப் போராடிட்டிருக்கோம். நீ என்னடான்னா பிறந்துட்ட ஒண்ணைப் பத்திப் பேசறே."

அதற்குள் நரியாரும் வந்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கேட்காமல் எடுத்தது என்று யானையின் காதில் விழுந்தால் கம்பெனிக்குப் பூட்டு, மருந்துக்கும் பூட்டு. கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார்.

"அம்மா, இந்தக் காட்டுக்கே நீங்கதான் தாய். ஒரு சின்ன விஷயம். அன்னிக்கு ஒப்புதல் படிவத்துல குளம்பு வைக்க மறந்துட்டீங்க."

"மறக்கலைங்க. யாரும் கேக்கலை."

"அதைத்தான் நானும் சொல்றேன். இப்ப வெச்சுட்டீங்கன்னா எல்லாம் சரியாப் போயிடும். நீங்களும் மருந்தை வாங்கிட்டுக் கிளம்பலாம்."

காகிதத்தில் தேதி ஏற்கெனவே போட்டிருந்தது. எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

பூவாத்தா காகிதத்தைப் பார்த்தாள். மேற்கே சூரியனைப் பார்த்தாள். "குளம்பு வெக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது ஆணா, பொண்ணா?"

நரியார் உடும்பாரைப் பார்த்தார். உடும்பார் நரியாரைப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்தக் குட்டியைப் பற்றி அவர் புத்தகம் போட்டிருக்கிறார், இவர் ஊர்வலம் போயிருக்கிறார். இந்தக் கேள்வி இரண்டு பேருக்கும் தோன்றியதில்லை.

"அதை எதுக்கு இப்ப கேக்கறே? நீதானே வேணாம்னு விட்டுட்டுப் போனே" என்றார் நரியார். நீங்க என்பது நீ ஆகிவிட்டது.

"அதானே, நீதானே வேணாம்னு விட்டே" என்றார் உடும்பார்.

நரிக்கும் உடும்புக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். ஒத்துப்போவதற்கு அவர்களுக்குக் கிடைத்தது இவள் தலைதான்.

"வேணாம்னு விடலைங்க, முடியாம விட்டேன்" என்றாள் பூவாத்தா. "அது வேற, இது வேற. உங்களுக்குத் தெரியாது. பஞ்சத்துல நீங்க ரெண்டு பேரும் இளைக்கலை."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த நேரமும் இல்லை. உடும்பாரின் பிடியை உதறிவிட்டு, மையில் குளம்பைத் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினாள். அப்பாவு பதினொன்றாம் கேள்வியை இன்னொரு தடவை கேட்டான். "இல்லைன்னு போடுங்க" என்றாள். அவன் முத்திரை குத்தி, ஜன்னல் வழியாக மருந்துக் குப்பியைத் தள்ளினான்.

குப்பியை வாயில் கவ்வுவதற்கு முன்னால் நரியாரிடம் திரும்பி, "இப்பத்தான் நாங் குடுத்ததா ஆயிடுச்சில்ல. இப்பவாச்சும் சொல்லுங்க" என்றாள்.

நரியார் காகிதத்தை விரித்துக் காட்டினார். "நாலாவது பத்தியைப் பாரும்மா. கொடுத்த பொருளைப் பத்திக் கொடையாளி எந்த விவரமும் கேக்க மாட்டார்னு ஒத்துக்கிட்டிருக்கே. இனிமே கேட்டா ஒப்பந்த மீறல்." பூவாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்போது படித்துக்கொண்டு நிற்க முடியாது.

அவள் போன கொஞ்ச நேரத்திலேயே நரியார் கம்பெனி வாசலில் பெரிய பதாகை கட்டினார். 'மனமுவந்து தந்த மாதரசி' என்று போட்டு, காது கிழிசலைச் சரிசெய்து அவள் படமும் போட்டிருந்தது. அதே நேரத்தில் உடும்பார் பந்தலில் தீர்மானம் நிறைவேற்றினார். பெற்றதைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டவளுக்குக் குட்டையில் இனி யாரும் இடம் கொடுக்கக் கூடாது என்று. தீர்மானம் நிறைவேறிய சந்தோஷத்தில் உண்ணாவிரதத்தையும் முடித்துக்கொண்டார். நாலு முட்டை.

பூவாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் ஓடிக்கொண்டிருந்தாள். புதருக்கு வந்து சேர்ந்தபோது வானத்தில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்லியின் வாயைத் திறந்து மூன்று சொட்டு விட்டாள். குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது. மறுநாள் காலையில் எழுந்து, கால் தள்ளாட நின்று, பால் கேட்டது.

"மருந்து கசக்குதும்மா. யாரு குடுத்தா?" என்று கேட்டாள் செல்லி.

"உனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாங்க கண்ணு, அவங்க குடுத்தது."

"அண்ணனா, அக்காவா?"

"அதைக் கேக்கக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, பூவாத்தா குட்டியின் முகத்தை நக்கிவிட ஆரம்பித்தாள்.

நீதி: எடுத்துக்கொண்ட பிறகு கேட்டாலும் தப்பில்லை, தேதியை மட்டும் எடுத்ததற்கு முன்னால் போட்டுவிட்டால் அதற்குத் தானம் என்று பெயர்.