சசிரேகாவின் சர்வர்

பாபு ஒரு பல்லியைத்தான் விரட்டினான். துடைப்பம் ஏதோ ஒரு ஒயரில் மாட்டி, ஒயர் துடைப்பத்தோடு வந்துவிட்டது.

அது சசிரேகாவின் சர்வர் ஒயர்.

அவன் மனைவி சசிரேகாவுக்கு வல்லம் வடகாலில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் வேலை. பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றிய, சீட்டுக்கட்டு அளவு ஹார்ட் டிரைவ்களாக வாங்கிச் சேர்த்தாள். சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் தட்டுகளுக்குப் பதில் அவற்றைச் செருகினாள். கரண்டுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என எல்லாவற்றுக்கும் ஒயர் இழுத்து, ஹால் அலமாரியில் நிறுத்தினாள். குடும்பத்துப் போட்டோ, வீடியோ, போன வருஷம் தவறிப்போன தன் அப்பாவின் குரல், எல்லாவற்றுக்கும் இனி இதுதான் வீடு என்றாள்.

கம்பெனி பஸ் ஓட்டும் பாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனாலேயே பிரமிப்பு இரண்டு மடங்கானது. ஒவ்வொரு டிரைவின் கீழும் ஒரு பச்சை விளக்கு. பார்க்கும்போதெல்லாம் வல்லக்கோட்டை சன்னதியில் நிற்பதுபோல் இருக்கும் அவனுக்கு. தங்கள் ஊர் வடக்குப்பட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எங்க வூட்ல சர்வர் கீது" என்று சொல்லிவிட்டான்.

இப்போது ஒயரைப் பழைய இடத்தில் வைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினான்.

பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு படபடவென்று துடித்தது.

"ஐயோ!"

சசிரேகாவுக்குப் போன் போட்டான். அவள் எடுக்கவில்லை; கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கும்போது போன் எடுக்க விடமாட்டார்கள்.

பக்கத்து டிரைவில் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்க அதன் ஒயரையும் உருவினான். பார்த்துவிட்டுத் திரும்ப அழுத்தினான். டக். அதுவும் சிவந்தது.

பக்கத்து வீட்டு சுபாஷைக் கூப்பிட்டான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

"இன்னாண்ணே, சர்வருக்கு ஒடம்பு சரியில்லியா?"

"கிண்டல் பண்ணாதடா. மாமனார் கொரலு உள்ள கீது."

சுபாஷ் ஒயர்களைத் தொட்டுப் பார்த்தான். "எல்லாமே லூசா கீதுண்ணே. ஒண்ணு வுடாம அழுத்திட்டா சரியாப்பூடும்."

"நெசமாவா?"

"நான் சொல்றேன்ல?"

இருவரும் அழுத்தினார்கள். டக், டக், டக். தட்டு ஸ்டாண்டு முழுக்கச் சிவப்பு பரவி, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடியது.

"கரண்ட நிறுத்திடலாமா?" என்றான் சுபாஷ், ஒரு அடி பின்னால் போய்.

"நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிக்கீறா."

"அப்ப சூடாய்டப் போவுது. காத்தாவது வுடு."

பாபு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து வைத்தான். காற்றில் ஒயர்கள் ஆட, சிவப்பு இன்னும் வெறியோடு துடிப்பதாகப் பட்டது. "கடையில ஆளு நிக்கிறாங்கண்ணே" என்று சுபாஷ் நழுவிவிட்டான்.

பாபு அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். இத்தனை பயத்திலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது அது. மாமனாரின் குரல் எந்தச் சிவப்பில் துடிக்கிறதோ!

"மன்னிச்சிடுங்க மாமா" என்று கும்பிட்டான்.

ஷிப்ட் முடிந்து சசிரேகா, கூட வேலை பார்க்கும் ரத்னாவோடு உள்ளே வந்தாள். அலமாரியைப் பார்த்ததும் தோள் பை நழுவி விழுந்தது.

"யாருங்க கை வெச்சது?"

"நான்தான். பல்லி ஒண்ணு... திட்டணும்னா திட்டிடு. பேசாம மட்டும் இருக்காத."

அவள் அலமாரி முன்னால் மண்டியிட்டு ஒவ்வொரு டிரைவாகப் பார்த்துக்கொண்டே போனாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். திரையைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பாபு மெதுவாக ரத்னாவிடம் கேட்டான். "எல்லாம் போச்சாம்மா?"

ரத்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாண்ணா நீ, செவப்பு மின்னுனாதான டிரைவு ஓடுதுன்னு அர்த்தம்! நீ ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்ட, இது ஒரு நாள்கூட ஓடலன்னு உன்கிட்ட எப்பிடி சொல்றதுன்னு இவ தெனம் லைன்ல நின்னு அழுதுகினு இருந்தா!"