குமாஸ்தா வீட்டு ரவுட்டர் செத்த கதை

கொலை செய்வதென்று குமாஸ்தா முடிவு கட்டிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து மனைவியைக் கேட்காமல் ஒரு கொசுவைக்கூட அடித்தறியாத மனிதர். அவருக்கே அவருடைய துணிச்சல் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

நீங்கள் பயப்பட வேண்டாம். சாகப்போவது அவருடைய ரவுட்டர். வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிற பெட்டி இல்லை. மரவேலைக்கான கை இயந்திரம். அடியில் 'பிட்' என்கிற வெட்டும் அலகை மாட்டி ஓடவிட்டால் பலகையின் கூரான ஓரத்தை உருட்டிக் கொடுக்கும், நடுவில் நேராகப் பள்ளம் வெட்டும். வாரம் முழுக்க அலுவலகத்தில் முத்திரை குத்துகிற குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பின்பக்கத்து ஷெட்டில் தச்சராகிவிடுவார். இதுவரை அவர் கையால் செய்து முடித்தது ஒரு செருப்பு ஸ்டாண்டு. அதில் வைத்த செருப்பெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். "அது ஸ்டைலு" என்பார்.

மனைவிக்கு வெட்டு மேசை ஒன்று செய்து தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அம்மையார் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறார். தரையில் துணியை விரித்து, குனிந்தபடியே வெட்டி வெட்டி முதுகு போய்விட்டது. ராத்திரி படுக்கும்போது அவர் "அம்மா" என்று முனகினால் குமாஸ்தாவுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் மேசை மட்டும் வரவில்லை. "இந்தச் சின்ன மெஷினை வச்சுக்கிட்டு மேசை ஓரமெல்லாம் உருட்ட முடியாது. சரியான மெஷின் வரட்டும்" என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

சரியான மெஷின் எது என்பது அவருக்குத் தெரியும். ஹார்டுவேர் கடையின் கண்ணாடி அலமாரியில் அது உட்கார்ந்திருந்தது. அரை அங்குல பிட் பிடிக்கிற பெரிய ரவுட்டர். இரண்டு பக்கமும் உருண்டைக் கைப்பிடி, மேலே வேகம் மாற்றுகிற சக்கரம். சம்பள நாளன்று போய்ப் பார்ப்பார். சம்பளம் இல்லாத நாளிலும் போய்ப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பழையது உயிரோடு இருக்கும்வரை புதியது வாசல்படி ஏறக்கூடாது. சட்டம் போட்டவர் அம்மையார். அவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். அவருடைய இஸ்திரிப் பெட்டிக்குக் கைப்பிடி உடைந்து, துணி சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஒரு தடவை குமாஸ்தா புதுக் குடைக்கு ஆசைப்பட்டு, பழைய குடையைக் காற்றுக்கு எதிரே பிடித்து உடைத்துக்கொண்டு வந்தார். அம்மையார் கம்பியைக் கட்டி, துணியைத் தைத்து, மறுநாள் காலை சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். இன்றைக்கும் அதே குடைதான்.

அதனால்தான் இந்தத் தடவை கொலையைப் பக்குவமாகச் செய்தார். ரவுட்டரின் மோட்டாருக்கு இரண்டு பக்கமும் கறுப்பு மூடி இருக்கும். அதற்குள் விரல்நுனி அளவில் ஒரு கரித்துண்டு. கார்பன் என்பார்கள். அது இல்லாவிட்டால் மோட்டார் அசையாது. சனிக்கிழமை மத்தியானம் அம்மையார் குட்டித்தூக்கம் போடுகிற நேரம், அவருடைய தையல் மெஷின் டிராயரிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இரண்டு மூடியையும் கழற்றினார். கார்பன் இரண்டையும் உருவிப் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டார். மூடியைத் திரும்ப முடுக்கினார். தடயம் எதுவும் இருக்கக்கூடாதே! ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்து, டிராயரையும் மூடினார்.

சாயங்காலம் ஷெட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு!"

அம்மையார் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி வந்தார்.

"என்னங்க போச்சு?"

"ரவுட்டர் போயிருச்சு. இப்பத்தான் மேசைக்குப் பலகை எடுத்து வச்சேன். சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தம் இல்ல."

"என் மேசைக்கா? எந்தப் பலகை?"

"எடுக்கலாம்னு... மனசுல எடுத்து வச்சேன்."

"புகை வந்துச்சா?"

"வரலை."

"கருகின வாசனை?"

"அதெல்லாம் இல்லம்மா. அமைதியான சாவு."

அம்மையார் செத்த இயந்திரத்தைத் தூக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"பாவம். நல்லா உழைச்ச மெஷின்" என்றார் அம்மையார். "சரி, என்ன பண்றது? புதுசு வாங்கிருங்க."

குமாஸ்தாவுக்குக் காது அடைத்தது. ஒரு கேள்வி இல்லை, ஒரு முறைப்பு இல்லை. மேசைக்காக அம்மையார் பணம் சேர்த்து வைத்திருந்த டப்பா அப்படியே அவர் கைக்கு வந்தது. "இதுக்குள்ள பாத்துக்கோங்க" என்ற ஒரே நிபந்தனையோடு. இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் குடைக் காலத்திலேயே கொலைத் தொழிலில் இறங்கியிருப்பாரே என்று நினைத்துக்கொண்டார்.

டப்பா கனமாக இருந்தது. பெரிய ரவுட்டருக்கு அது போதாது என்பதுதான் சங்கடம். யோசனை கேட்க எதிர்வீட்டுக்கு ஓடினார். எதிர்வீட்டுக்காரருக்குத் தெருவில் 'விமர்சனம்' என்று பெயர். பல் தேய்க்கிற பிரஷ் வாங்குவதாக இருந்தாலும் போனில் நாலு விமர்சன வீடியோ பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். வாங்கவும் மாட்டார்.

"மூணு வகை இருக்கு சார்" என்று ஆரம்பித்தார் விமர்சனம். "ஒத்தைக் கையில பிடிக்கிற டிரிம்மர். விலை கம்மி. சின்ன வேலைக்குப் போதும்."

"நமக்குச் சின்ன வேலையா?"

"நடுத்தரம் ஒண்ணு. கால் அங்குல பிட்டு. உங்ககிட்ட இருக்கற பிட்டெல்லாம் அதுல போகும். உங்க பட்ஜெட்டுக்கும் உங்க வேலைக்கும் அதுதான் சரி."

"அதைத் தாண்டி?"

"தாண்டினா பெருசு. அரை அங்குலம். கனம் ஜாஸ்தி, விலை ஜாஸ்தி. பிட்டுகூடப் புதுசா வாங்கணும். கதவு, ஜன்னல்னு தினமும் அடிக்கிறவங்களுக்கு. நீங்க எதுக்கு?"

"கைப்பிடி ரெண்டு இருக்கு சார்."

விமர்சனம் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் வினை. "ஹார்டுவேர் கடையில எக்ஸ்சேஞ்ச் போட்டிருக்காங்க. பழைய மெஷின் ஓடுச்சுன்னா புதுசோட விலையில நல்லாக் கழிப்பாங்க. ஓடலைன்னா வெறும் இரும்பு வெலைதான். உங்களுதுதான் செத்துப்போச்சே. பாவம்."

குமாஸ்தா வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தார். செத்தது வீட்டில்தானே? கடை வாசலில் ஒரு ஓரமாக நின்று கார்பனைச் சொருகினால் பிழைத்துக்கொள்ளும். கழிவும் கிடைக்கும், டப்பாவும் இருக்கும். பெரியது கைக்கு வந்துவிடும்! இந்த மூளையை வைத்துக்கொண்டு போய் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே இரக்கம் வந்தது.

ஞாயிறு காலை, ரவுட்டரைப் பையில் போட்டார். கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் வைத்தார். காதருகே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கடகட. உயிர் பத்திரமாக இருந்தது. செருப்பை மாட்டினார்.

"இருங்க, நானும் வர்றேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ எதுக்கும்மா? வெயிலு. தூசி. உனக்கு முதுகு வேற வலிக்குது."

"கடையில குனிய வேண்டாமே."

"சீருடை அவசரம்னு சொன்னியே?"

"முடிச்சுட்டேன். அந்தச் செத்த மெஷினை எதுக்குத் தூக்கிக்கிட்டு வர்றீங்க?"

"அதா... கடைசியா ஒரு தடவை கடைக்காரர்கிட்ட காட்டலாம்னு."

"காட்டணும், காட்டணும். நல்லா வாழ்ந்த மெஷின்" என்றார் அம்மையார், பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு.

வழியெல்லாம் குமாஸ்தா கணக்குப் போட்டார். கார்பனைப் போட்டால் மாட்டிக்கொள்வார். போடாவிட்டால் இரும்பு விலை. பெரியது போய்விடும், நடுத்தரம்தான். மானமா, கைப்பிடியா? கடை போர்டு தெரிந்தபோது மானத்தையே தேர்ந்தெடுத்தார். நடுத்தரமும் புதுசுதானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

கடைக்காரர் சுறுசுறுப்பான மனிதர். மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். குமாஸ்தா பெரியதைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுத்தரத்தைத் தடவினார்.

"இதுல கால் அங்குல பிட்டு போகும்ல?" என்று அம்மையார் கேட்டார்.

குமாஸ்தா வாயைப் பிளந்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"எதிர்வீட்டு அண்ணன் வாசல்ல நின்னு சொன்னாரு. தெருவுக்கே கேட்டுச்சு."

"எதிர்வீட்டுல பேசினது எல்லாமே கேட்டுச்சா?"

"கைப்பிடி வரைக்கும் கேட்டுச்சு."

கடைக்காரர் பையை எட்டிப் பார்த்தார். "பழசு கொண்டு வந்திருக்கீங்களா? ஓடினா நல்லாவே கழிச்சுக்கலாம் சார்."

"ஓடாது" என்றார் குமாஸ்தா அவசரமாக. "செத்துப்போச்சு. இரும்பு விலைக்கே எடுத்துக்கோங்க. பிளக்கெல்லாம் சொருக வேண்டாம். வீண் கரண்ட்டு."

"ஒரு தடவை போட்டுப் பாக்கறதுல என்ன சார்?"

"வேண்டாங்க. செத்தவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

"போட்டுப் பாருங்க அண்ணே" என்றார் அம்மையார். "நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கடைக்காரர் பிளக்கைச் சொருகினார். சுவிட்சைத் தட்டினார்.

ரவுட்டர் அலறியது. கடை முழுக்க அதிர்ந்தது. மேசைமேல் கிடந்த ஆணிகள் குதித்தன. குமாஸ்தாவும் குதித்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கூடு இருந்தது. ஆட்டினார். கடகட. உள்ளே இருக்கிறதே! இங்கே இருந்தால் அங்கே எப்படி ஓடுகிறது? அத்தனை பேர் நடுவிலும் பொறுக்கமுடியாமல் கூட்டைத் திறந்தார்.

உள்ளே இரண்டு துண்டு தையல் சாக்பீஸ். அளவு பிசகாமல், விரல்நுனி பருமனுக்கு, அழகாக நறுக்கப்பட்டிருந்தன. நீல நிறம்.

கடைக்காரர் சுவிட்சை அணைத்தார்.

"எ... எப்ப?" என்றார்.

"நேத்தே. உங்க கண்ணாடிக் கூட்டுலேருந்து கார்பனை எடுத்து மெஷின்லயே மாட்டிட்டேன்."

"எப்படி?"

அம்மையார் பெருமூச்சு விட்டார். "நானும் மோட்டார் வச்சுத்தானே பொழைக்கிறேன்? புகையாம, கருகாம எந்த மோட்டாருங்க சாகுது? அதைக்கூட விட்டிருப்பேன். என் டிராயரைத் திறந்தா ஸ்க்ரூ டிரைவரு எடுத்த இடத்துல இருக்கு. துடைச்சு வேற வச்சிருக்கு. கட்டிக்கிட்ட நாள்லேருந்து நீங்க எடுத்த ஒரு சாமானை எடுத்த இடத்துல வச்சது உண்டா? அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஏதோ பெரிய தப்பு நடந்திருக்குன்னு."

குமாஸ்தா அசடு வழிந்தார். ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஒரு தடவை, அதுவே காட்டிக் கொடுத்துவிட்டது.

கடைக்காரர் தொழிலை விடவில்லை. "அருமையா ஓடுது சார்! கழிவு போட்டா பெருசுகூட வாங்கிரலாம். பில் போடட்டுமா?"

குமாஸ்தாவின் முகத்தில் ஒரு கணம் விளக்கெரிந்தது. மெல்ல மனைவியைப் பார்த்தார்.

"ஓடற மெஷினை யாராச்சும் குடுப்பாங்களா?" என்றார் அம்மையார். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். துணி வெட்ற மேசைக்கு ஓரம் உருட்டணும். இந்தப் பழைய மெஷினே போதுமா?"

"தாராளமாப் போதும்மா. இன்னும் பத்து மேசை உருட்டலாம்."

"கேட்டீங்களா?"

குமாஸ்தா கேட்டார். அம்மையார் டப்பாவை அவர் கக்கத்திலிருந்து உருவினார். முன்னறைக்கு அடங்குகிற அளவில் நல்ல கனமான பிளைவுட் ஒன்று, நாலு கால்கள், பசை, திருகாணி எல்லாம் அவர் சொல்லச் சொல்ல வந்து குவிந்தன. டப்பா சரியாகத் தீர்ந்தது. வண்டிக் கூலிக்கு மட்டும் மிச்சமில்லை. பிளைவுட்டின் ஒரு முனையைக் குமாஸ்தா தலையில் ஏற்றினார்கள். மறுமுனையை அம்மையார் பிடிக்க வந்தார். "வேண்டாம்மா, உனக்கு முதுகு" என்று அவரே முழுசாக வாங்கிக்கொண்டார். அதை மட்டும் அவர் மனசாரத்தான் சொன்னார்.

போகிற போக்கில் கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்க்கலாமென்று நினைத்தார். தலையில் பலகை இருந்ததால் கழுத்து திரும்பவில்லை.

"வேற எதாச்சும் வேணுமாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இந்த ரவுட்டருக்கு ஸ்பேர் கார்பன் ஒரு ஜோடி குடுங்கண்ணே" என்றார் அம்மையார். "மேசை முடியறதுக்குள்ள இன்னொரு தடவை செத்தாலும் சாகும்."