கம்பிக்கு ஒட்டு ஆகாது

அந்த வீட்டு டிவி இனிமேல் யார் கையில் என்பதை வியாழக்கிழமை சாயங்காலமே கணவர் முடிவு செய்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லி ஜெயித்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. ஆபீசில் அவருடைய பட்டப்பெயர் அடிக்கோல். எதையும் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். வீட்டில் அந்தப் பெயர் இரண்டாகப் பிரிந்துவிடும். அடி அவருக்கு, கோல் மனைவிக்கு.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மொட்டைமாடியில் டிஷ் மாட்ட மெக்கானிக் வருகிறார். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். அதே ஏழு மணிக்கு மனைவிக்குப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. இருப்பது ஒரே டிவி. அது கூடத்தில் இருந்தால் மனைவி, மச்சினி என்று மாநாடு கூடிவிடும். இவர் நாற்காலி போடும் தொண்டர். பின்னறைக்குப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் பார்க்கலாம். போன வருஷ ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக எக்கி எக்கிப் பார்த்தவர் அவர். திரைச்சீலை மறைத்ததில் ஒரு கோல்கூட முழுசாகத் தெரியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

எனவே சூழ்ச்சியைக் கம்பியில் வைத்தார். டிஷ் மாடியின் பின்மூலையில் நிற்கும். அங்கிருந்து பின்னறைக்கு மட்டும் எட்டுகிற கம்பியை வாங்கிவிட்டால் கூடத்துக்கு எட்டாது. எட்டாவிட்டால் அவர் என்ன செய்வார், பாவம். மனைவி வெளியே போன நேரம் பார்த்து மாடியேறி, துணிக்கொடியை அவிழ்த்து, பின்மூலையிலிருந்து பின்னறை ஜன்னல் வரை தொங்கவிட்டு, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். பன்னிரண்டு மீட்டர். குறித்துக்கொண்டு கொடியைப் பழையபடி கட்டிவிட்டார்.

மறுநாள் கடைக்காரர் இரண்டு சுருள்களை எடுத்துப்போட்டு, நடுக்கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினார். ஒன்று முழுச் செம்பு. இன்னொன்று மேலே செம்புப் பூச்சு, உள்ளே இரும்பு; ஒரே சுரண்டலில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அதைப் பார்க்கக் கணவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. முழுச் செம்பையே கேட்டார். இருபது மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் இருந்தால் உதவும் என்று கடைக்காரர் சொன்னதற்கு, பன்னிரண்டுக்கு மேல் ஒரு விரற்கடை வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாடம் ஆரம்பித்தது.

“இங்க பாரு, இந்தக் கம்பியில ஒட்டே போடக்கூடாது. ஒட்டுப் போட்டா சிக்னல் அங்கேயே செத்துடும்.”

“அப்படிங்களா.”

“பன்னிரண்டு மீட்டருக்கு மேல போனா படம் கட்டம் கட்டமா உடையும்.”

“கூடத்துக்கு எட்டுமாங்க?”

“எட்டாதேம்மா. பின்னறைக்குத்தான் வரும். விஞ்ஞானம் அப்படி இருக்கு, நான் என்ன பண்றது?”

“விஞ்ஞானத்தை நாம மீற முடியுமாங்க” என்று மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடிந்தால் ஒரு மனிதருக்குச் சந்தேகம் வரவேண்டும். அவருக்குத் தூக்கம்தான் வந்தது.

சனிக்கிழமை அவருக்கு அரைநாள் ஆபீஸ். இதே கம்பிதான், மாற்றக்கூடாது, ஒட்டுக் கூடாது என்று மனைவியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். டிஷ் எந்த மூலையில் என்பதை மட்டும் சொல்லவில்லை. அழுத்திச் சொன்னால் சந்தேகம் வருமே என்ற ஜாக்கிரதை.

மத்தியானம் திரும்பினால் டிவி கூடத்திலேயே இருந்தது. படம் பளிச்சென்று ஓடியது. மச்சினி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினார். கூடத்து ஜன்னலுக்கு நேர்மேலே, முன்மூலையில் டிஷ் நின்றது. மெக்கானிக் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இங்க வைக்க யாருய்யா சொன்னது?”

“அக்காதான் சார். எந்த மூலையில வெச்சாலும் டிஷ் பார்க்கிற திசை ஒண்ணுதான். கம்பியும் அளவெடுத்த மாதிரி கச்சிதமா இருந்துச்சு.”

மனைவி கொடியில் இருந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

“நேத்துக் காலையில புடவை இதுல மாட்டுச்சுங்க. நம்ம வீட்ல அளக்கிற ஆள் யாருன்னு எனக்குத் தெரியாதா? அவிழ்த்து ரெண்டு மூலையிலயும் விட்டுப் பார்த்தேன். அங்க விட்டா பின்னறை, இங்க விட்டா கூடம். ரெண்டுக்கும் ஒரே அளவு.”

கணவர் மெக்கானிக்கைத் தனியாக ஓரங்கட்டினார். இன்னும் கொஞ்சம் கம்பி வாங்கி, ஒரே ஒரு ஒட்டுப் போட்டு, பின்னறைக்கு இழுத்துவிட முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தாராளமா போடலாம் சார். ஒரு ஒட்டுல ஒண்ணும் ஆகாதுன்னு அக்காகிட்டயும் சொன்னேன். வீட்டுக்காரர் விஷயம் தெரிஞ்சவர், அவர் பேச்சை மீறமாட்டேன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க.”

கம்பிக்கு ஒட்டுக் கிடையாது என்று அவர் போட்ட சட்டம். அந்த வீட்டில் அவருக்கு ஓட்டுக் கிடையாது என்பது ஏற்கெனவே இருந்த சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு, கூடத்தில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, கணவர் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கம்பி நீட்டினார். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. முழுச் செம்புக் கம்பியில் படம் கண்ணாடி மாதிரி தெரிகிறதாம் என்று கேள்விப்பட்டு, அவர்கள் எல்லோரும் பாட்டுப் போட்டி பார்க்க இவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.