அரக்குப் பட்டில் ஒரு மண்புழு

அச்சு அசல்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் ஒருவரையாவது கட்டாயம் தெரிந்திருக்கும். தோட்டத்து ரோஜாவைக் காட்டினால் "ம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார். பிளாஸ்டிக் ரோஜாவைக் காட்டினாலோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதழைத் தடவி, காம்பைத் திருப்பி, முள்ளில் விரலை வைத்து, அது குத்தாவிட்டாலும் "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு, "அச்சு அசல்! அப்படியே அசல்!" என்று கண் கலங்குவார். மெழுகு மாம்பழத்தைக் கொலு முடிந்து ஆறு மாதமாகியும் கூடத்தை விட்டு எடுக்காதவர் அவர்தான். சொந்தக் குழந்தை அழுதால் எரிந்து விழுவார். எதிர்வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுது காட்டினால், இன்னொரு தரம் அழச் சொல்வார்.

இந்த இனத்தில் முதல் தரமான உருப்படியைப் பார்க்க வேண்டுமென்றால், பிளாஸ்டிக் பூக்கள் வீட்டுக்கு வீடு பூக்கத் தொடங்கிய அந்த வருஷங்களில் காஞ்சிபுரத்துக்கு வந்து, பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரத்தின் வீட்டை நீங்கள் விசாரித்திருக்க வேண்டும். "எந்தக் கலியாணசுந்தரம்? தறிக்காரரா, மீன்காரரா?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒருவரேதான்.

தறி அவருடைய பிழைப்பு. கலர் பார்ப்பதில் அந்தத் தெருவிலேயே அவர் கண்ணுக்கு ஈடு கிடையாது. ஒரு நூலைக் காட்டினால், எந்தச் சாயக்காரர் முக்கியது, அன்றைக்கு வெயிலா மேகமா என்பதுவரை சொல்லிவிடுவார். வியாபாரமெல்லாம் மனைவி தையல்நாயகியின் கையில். வாசற்படி ஏறி வருகிறவர்களை அந்த அம்மாள் ஒரு கணம் வாய் திறக்காமல் பார்ப்பாள். அவ்வளவுதான், எந்தப் புடவையை முதலில் பிரிப்பது, எதைக் கடைசியில் "அய்யோ, இது வேற ஒருத்தருக்குச் சொன்னதும்மா" என்று மறைப்பது, எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மீன் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அது பரம்பரைச் சைவக் குடும்பம். அடுத்த தெருவில் மீன் வறுத்தால் இந்த வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். புடவை சுற்றுவதற்காக எடைக்கு வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளில் ஒன்றில், உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக ஒரு மீனின் படம் இருந்தது. அதன் வாய்க்கு எதிரே ஒரு பூச்சி. தபால் ஆபீஸ் ராஜகோபால் படித்துச் சொன்னார்.

"இது டிரவுட்டுன்னு ஒரு ஆத்து மீனுங்க. இதைப் புடிக்க நிஜப் பூச்சி வேணாமாம். அந்த ஆத்துல மீன் வழக்கமா இன்னா தின்னுதோ, அதே மாதிரி பொய்யா ஒண்ணு செஞ்சி போடணுமாம். அளவு, கலர், அசைவு எல்லாம் ஒத்துக்கினா, மீன் ஏமாந்து கடிக்குமாம்."

"ஏமாந்துடுமா? மீனா?"

"அப்படித்தான் எழுதியிருக்குது."

கலியாணசுந்தரத்துக்கு மயிர் கூச்செறிந்தது. மனிதர்கள் அச்சு அசல் என்று சொல்வது முகஸ்துதியாக இருக்கலாம். மீனுக்கு என்ன முகஸ்துதி? உயிரைப் பணயம் வைத்துச் சான்றிதழ் தருகிறதே! டிரவுட் ஊட்டிப் பக்கம்தான் கிடைக்கும் என்று ராஜகோபால் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அன்று முதல் மாம்பழக் கலர் பட்டில் உடம்பு, சரிகையில் வரி, சேவல் இறகில் சிறகு என்று இங்கிலாந்துப் பூச்சிகள் தறிக்குப் பக்கத்தில் பிறக்கத் தொடங்கின. அவற்றைத் தூண்டிலில் கட்டிக்கொண்டு பாலாற்றுக்குப் போவார். பாலாறுதான் உங்களுக்குத் தெரியுமே, வருஷத்தில் முக்கால்வாசி அது மணல். மணலில் நின்றபடி தூண்டிலை வீசுவார்.

முசரவாக்கத்துப் பஞ்சாயத்து பிரசிடெண்டு பரசுராமன் ஒரு நாள் அந்தப் பக்கமாக சைக்கிளில் வந்தார். மகள் அம்சாவின் முகூர்த்தப் புடவையை அப்போதுதான் கலியாணசுந்தரம் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"இன்னா முதலியாரே, மணல்ல இன்னா மீன் புடிக்கிறீங்க?"

"புடிக்கலீங்க. கை பழக்கிக்கினு இருக்கேன்."

"தண்ணி வந்தா மண்ணுபுழு ஒண்ணு கோத்துப் போடுங்க. கபால்னு புடிக்கும்."

கலியாணசுந்தரம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நிஜப் புழுவைப் போட்டா மீன் எப்படிங்க ஏமாறும்? அது நிஜமாவே புழு ஆச்சே! அதுக்குப் பேரு சாப்பாடு போடறது."

பரசுராமன் சைக்கிளில் ஏறிக்கொண்டார். "அதெல்லாம் கெடக்கட்டும், புடவையை மட்டும் கரீக்டா குடுத்துடுங்க. சம்பந்தி வூட்டு அத்தை ஒருத்தி இருக்குது. நூல் நூலா எண்ணும்." சாதாரணமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும், பிரசிடெண்டு கை காட்டுகிற வாசலில்தான் புடவை எடுப்பார்கள். அவர் கையை வேறு பக்கம் திருப்பினால் கலியாணசுந்தரத்தின் தறிகளுக்குச் சிலந்திதான் நூல் கொடுக்க வேண்டும்.

மழை வந்தது, பாலாற்றில் தண்ணீரும் வந்தது. இங்கிலாந்துப் பூச்சியை ஒரு கெண்டை கூட முகர்ந்து பார்க்கவில்லை. பாலாற்று மீன் என்ன தின்னும் என்று தெரியாமல் பூச்சி செய்தது தன் தப்புதான் என்று அவருக்கு உறைத்தது. நேரே மீன் விற்கிற எல்லம்மாளிடம் போனார்.

"எல்லம்மா, இந்த மீனு சாவறதுக்கு முன்னாடி இன்னா துன்னுச்சி?"

"நான் கேக்கலியே சாமி. முன்னாடியே சொல்லியிருந்தா விசாரிச்சி வெச்சிருப்பேன்."

பிறகு அவள் ஒரு மீனின் வயிற்றைக் கீறினாள். சைவக் கண் ஒன்றை மூடிக்கொண்டார். அச்சு அசல் கண் ஒன்று திறந்தே இருந்தது. உள்ளே மண்புழு! அதை ஒரு குச்சியால் தூக்கி வெயிலில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த அரக்கு நிறம்! ஈரம் பட்ட அந்தப் பளபளப்பு! காலையில் தறியில் அவர் கையால் ஓடிய நிறம் அது. அம்சாவின் முகூர்த்தப் புடவை நிறம்.

நானாயிருந்தால் பயந்திருப்பேன். அவருக்குத் தெய்வச் செயலாகத் தோன்றியது. அந்தப் புடவையின் ஊடைக்காக, அதாவது குறுக்கு நூலுக்காக, பட்டு சுற்றி வைத்திருந்த தார்க்குச்சி ஒன்றைப் புழு செய்ய எடுத்தார். ஒரே ஒரு தார்தானே, முந்தானை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். ஒரு புழுவோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம்தான். ஆனால் தேர்வு செய்வது என்று உட்கார்ந்தால் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டாமா? கொழுத்த புழு செய்தார், மெலிந்த புழு செய்தார், மழைக்கு முந்திய புழு, மழைக்குப் பிந்திய புழு, நடுவயதுப் புழு என்று செய்துகொண்டே போனார். ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது முகத்துல கவலையே இல்லியே" என்று தள்ளி வைத்தார். தூண்டிலில் தொங்குகிற புழுவுக்குக் கவலை இருக்காதா? கவலையுள்ள புழுவுக்கு இன்னும் ஒரு தார்.

பிறகு வாசனை ஞாபகம் வந்தது. பட்டு வாசனை அடிக்கிற புழுவை எந்த மீன் நம்பும்? எல்லம்மாளிடம் கருவாடு வாங்கி, யாரும் பார்க்காமல் ஒரு சட்டியில் ஊறவைத்து, புழுக்களை அதில் போட்டு, தறிக் குழிக்குள், கால் மிதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒளித்தார். வீடு முழுக்க நாறியது. தையல்நாயகி எலி செத்திருக்கிறது என்று பரண் பூராவும் தேடினாள். கூடவே அவரும் தேடினார்.

முந்தானையில் இன்னும் ஒன்றரை முழம் நெய்யப் பாக்கி இருக்கும்போது ஊடைப் பட்டு தீர்ந்தது. முகூர்த்தமோ மறு வாரம். சாயக்காரர் கையை விரித்தார். மறுபடி முக்கினால் அரக்கு வரும், ஆனால் அதே அரக்கு வராது. ஒன்றரை முழம் தனியாகத் தெரியும் என்றார். தையல்நாயகி வந்து தறி முன்னால் நின்றாள். கணவரை ஒரு கணம் பேசாமல் பார்த்தாள். பிறகு தறிக் குழிக்குள் கையை விட்டுச் சட்டியை எடுத்தாள்.

"இன்னாங்க இது?"

"அச்சு அசலா இருக்குது இல்ல?" என்றார் அவர். பாவம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் உட்கார்ந்து புழுக்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு புழுவும் நூலாகிக் கண்டில் ஏறுவதைப் பார்த்து அவர் நிஜமாகவே அழுதார். "அந்தக் கவலைப் புழுவை மட்டும் உட்டுடும்மா, தையலு."

"தறி நின்னுபோச்சுன்னா நாமதான் கவலைப் புழு. கொடுங்க அதை."

பூந்திக்கொட்டை போட்டு அலசினாள், நிழலில் உலர்த்தினாள், சாம்பிராணி காட்டினாள், ஜவ்வாது தடவினாள். ஒன்றரை முழமும் தறியேறி, புடவை நேரத்துக்கு அறுத்து இறக்கப்பட்டது. பரசுராமன் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கோயில் வாசனை அடிக்குது" என்று சந்தோஷமாக எடுத்துப் போனார்.

கல்யாணம் நடந்தது காஞ்சிபுரத்திலேயே ஒரு சத்திரத்தில். அம்சா மணையில் உட்கார்ந்தாள். முந்தானை முதுகில் தொங்கியது. எதிரே ஓமப் புகை, மேலே தகரக் கூரை, கூட்டத்தின் வியர்வை. ஜவ்வாது மெல்ல விடைபெற்றுக்கொண்டது. சாம்பிராணியும் கிளம்பியது. கருவாடு மட்டும் கல்யாணத்துக்கு இருந்தது.

முதலில் சமையற்கட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பூனை வந்து மணப்பெண்ணுக்குப் பின்னால் மரியாதையாக உட்கார்ந்தது. அடுத்து சுவரேறி ஒரு சாம்பல் பூனை. அதற்கப்புறம் எங்கள் ஊரில் இத்தனை பூனைகள் இருக்கின்றன என்பதே அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டு அத்தை எழுந்துவிட்டாள்.

"மணவறைல பூனையா? இன்னா சகுனம்பா இது? தாலி கட்டறதை நிறுத்துங்க!"

மேளம் நின்றது. மாப்பிள்ளை எழுந்திருப்பதா வேண்டாமா என்று பாதி எழுந்து நின்றான். அம்சாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நேரம் பார்த்துக் காது கிழிந்த ஒரு கடுவன் பூனை, வயிற்றைத் தரையோடு தரையாக வைத்து ஊர்ந்து வந்து, பின்பக்கத்தை இரண்டு ஆட்டு ஆட்டி, முந்தானையில் பாய்ந்து பல்லை வைத்தது.

முன்வரிசையிலிருந்து கலியாணசுந்தரம் துள்ளி எழுந்தார். "கடிச்சிடுச்சி! தையலு, கடிச்சிடுச்சி!" என்று அவர் போட்ட கூச்சலில் ஆனந்தம் வழிந்தது. இத்தனை நாளில் அவர் இரையை ஓர் உயிர் கடித்தது அதுதான் முதல் தடவை.

பரசுராமன் கண்கள் சிவந்து அவர் பக்கம் திரும்பினார். "முதலியாரே! இன்னா பண்ணி வெச்சிக்கிறீங்க எம் பொண்ணு புடவையில?"

"அது வந்துங்க, மண்ணுபுழு..." என்று கலியாணசுந்தரம் விவரமாக ஆரம்பித்தார்.

தையல்நாயகி குறுக்கே வந்து நின்றாள். அத்தையை ஒரு கணம் பேசாமல் பார்த்தாள். அத்தை கட்டியிருந்த புடவையையும் பார்த்தாள்.

"பயந்துக்காதீங்கம்மா. பட்டு புழுகிட்டேர்ந்து வர்றது. பூனைக்கு மூக்கு உண்டே, அசல் பட்டுன்னா உடாது. ஆர்ட் சில்க்குன்னு பொய்ப் பட்டா இருந்தா திரும்பிக்கூட பாக்காது."

சாம்பல் பூனை அத்தையின் புடவையை உரசிக்கொண்டு, நிற்காமல், அம்சாவிடம் போய்ச் சேர்ந்தது. அத்தை தன் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நெற்றி வியர்த்தது. "இது அசல்னுதானே சொல்லிக் குடுத்தான்?" என்று யாரிடமோ முனகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள், யாரும் பார்க்காமல் தன் முந்தானையைத் தரையில் விட்டு, "ச்சூ, ச்சூ" என்று வெள்ளைப் பூனையைக் கூப்பிட்டாள். அது வரவில்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். சத்திரத்துப் பெண்களெல்லாம் குனிந்து பூனைகளைக் கெஞ்சிக்கொண்டிருந்த சமயத்தில் தாலி கட்டியாயிற்று. அட்சதை போட்டது ஆண்கள் மட்டும்தான்.

மறுநாளே பிள்ளையார்பாளையத்தில் கூட்டம். பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் சொந்தப் பூனையைக் கூடையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அது சம்மதித்த புடவையைத்தான் எடுப்பாளாம். அத்தை மட்டும் இரண்டு புடவை சொன்னாள். எல்லம்மாள் கொல்லைப்புறமாக வந்து கருவாடு போட்டுவிட்டுப் போனாள். கலியாணசுந்தரம் ஒவ்வொரு முந்தானைக்கும் கருவாட்டுத் தண்ணீர் இத்தனை சொட்டு என்று தெளித்துக்கொண்டிருந்தார், முகத்தில் களையே இல்லாமல்.

"ஒரு மீன்கூட ஏமாறலியே, தையலு."

"மீன் வந்து வாசப்படி ஏறாதுங்க. இதையும் தெளிச்சிட்டுக் கொடுங்க, அந்தம்மா நின்னுக்கினு இருக்குது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்து அழுகிற ஆள் நானில்லை என்று தைரியமாகவும் இருக்கிறீர்கள். ஆனால் கடைசியாகக் கடைக்குப் போனபோது, புடவையோ நெய்யோ தேனோ, கையில் எடுத்துப் பார்த்து, "இது அசல்தானே?" என்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு கணம் பேசாமல் உங்களையே பார்த்தார். உங்களுக்கு எந்தப் புழு பொருத்தம் என்று அப்போதுதான் அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.