பல் பத்தரும் என் கல்யாண பஸ்ஸும்

மொரீஷியஸ் தீவில் ஒரு மனிதருக்கு முன்னால் வாய் திறந்து சிரிக்கவே ஜனங்கள் பயந்தார்கள் என்றால், அவர் கவர்னர் அல்ல, மாஜிஸ்ட்ரேட்டும் அல்ல. எங்கள் ஊர்ப் பல் பத்தர்தான்.

காத்ர் போர்னுக்கு மேலே, கரும்புக்கு நடுவே சிதறிக் கிடந்த சின்ன ஊர் எங்களுடையது. எல்லோருக்கும் துண்டு துண்டாகக் கொஞ்சம் கரும்பு நிலம் உண்டு. பத்தருக்கு நிஜப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் கோயிலில் அர்ச்சனை செய்யும்போதுகூடப் பூசாரி, "பல் பத்தர், ரோகிணி நட்சத்திரம்" என்றுதான் சொல்வார். சாமியும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. கிரியோல் பேசுகிறவர்களுக்கு அவர் 'மிஸ்யே லெதான்', அதாவது பல் துரை.

பத்தர் என்றதும் தாலி, மூக்குத்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் அதெல்லாம் செய்துகொண்டிருந்தவர்தான். ஒரு நாள் யாரோ ஒரு பழைய பல் செட்டைக் கொண்டுவந்து, தங்கம் இருக்கிறதா பாரும் என்றார்கள். தங்கம் இல்லை. பீங்கான் பல்லை உடைத்தால் உள்ளேயிருந்து வெள்ளையாக இரண்டு குட்டி ஆணிகள் விழுந்தன. பத்தர் உலையில் போட்டார். உருகவில்லை. துருத்தியை மிதித்து மிதித்துக் கால் வீங்கியது. அப்போதும் உருகவில்லை.

"தங்கம் நாலு ஊது ஊதினா அழுதுடும்யா. இவன் அழவே மாட்டேங்கிறானே!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. இவர் பிளாட்டினத்தைப் பார்த்து மயங்கினார். அந்த நாளில் தங்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டார். மயக்கம் காசுக்கு முந்தியது என்பதற்கு நானே சாட்சி.

அதிலிருந்து தீவில் ஒரு வாய் விடவில்லை. வெள்ளைக்கார துரைமார், ரோஸ் ஹில் கடைக்காரர்கள் என்று யார் பழைய பல்லைக் கழற்றினாலும் பத்தர் வாசலில் நிற்பார். ஆலை கெமிஸ்ட் சர்க்கரையை எரித்துச் சாம்பல் பார்க்கும் பிளாட்டினக் கிண்ணம் ஒன்று ஓட்டையாகிப் போனபோது அதையும் வாங்கி, மாட்டுவண்டியில் மடியில் வைத்து, வெயில் படாமல் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். ஊர்ப் பெண்கள் குழந்தையென்று நினைத்து எட்டிப் பார்த்து ஏமாந்தார்கள்.

சாவு வீட்டுக்கு அவர் வந்தால்தான் சங்கடம். மாலை போடுவார், கண்ணைத் துடைப்பார், நிஜமாகவே அழுவார். பிறகு மெதுவாக, "அண்ணி, அண்ணன் போயிட்டாரு, என்ன பண்றது... பல்லு எங்க வச்சிருக்கீங்க?" என்பார். எங்கள் பெரியப்பா அவருக்கு எதிரில் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவார். துறைமுகத்துப் பெரிய டாக்டரிடம் கட்டிய உயர்ந்த பல் என்று பெரியப்பாவுக்கு ஏகப் பெருமை.

பல்லை உருக்கும் நாளில் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். பல் செட்டின் ஈறு கந்தகம் போட்டுக் காய்ச்சிய ரப்பர். அது எரிந்தால் கோழிகூடக் கொல்லையை விட்டு ஓடும்.

எங்கள் அம்மா வேலிக்கு மேல் கத்துவாள். "பத்தரே, என்னத்தை எரிக்கிறீங்க? நாத்தம் குடலைப் புடுங்குது!"

"துரையோட ஈறும்மா! கொஞ்சம் பொறுத்துக்க!"

ஆணிகளோடு ஒட்டிவந்த மற்ற உலோகம் போக வேண்டுமே, அதற்காக எல்லாவற்றையும் தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகத்தில் போட்டுக் கரைப்பார். பழுப்பாகப் புகை கிளம்பும். அடியில் கரையாமல் வேறொரு உலோகம் கறுப்பாகக் கொஞ்சம் தங்கும். "இது இவனோட பங்காளி, கூடவே பொறந்து கூடவே மல்லுக்கு நிப்பான்" என்று அதைத் தனியாக எடுத்து வைப்பார். தெளிந்த நீரில் நவச்சாரத்தைக் கரைத்து ஊற்றினால் மஞ்சள் தூள் படியும். அதைச் சுட்டால் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று வரும். அதுதான் சுத்தப் பிளாட்டினம். அதைக் கட்டியாக உருக்கும் சூடு இந்தத் தீவில் எந்த உலைக்கும் கிடையாது என்பதால் டப்பாவில் அடைத்துக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுவார். கப்பல் போகிற திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

இப்படிப்பட்டவரை என் கல்யாணத்துக்கு அழைக்கலாமா கூடாதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வாயைப் பார்த்து வெலை போடுவாரு. மானம் போயிடும்" என்றாள் அம்மா. கடைசியில் ஒரு நிபந்தனையோடு அழைத்தாள். "பத்தரே, அங்க வந்து வாயையே திறக்கக் கூடாது. சாப்பிட மட்டும் திறங்க."

"அதுக்குத்தானே வர்றேன்!" என்று பத்தர் சிரித்துக் காட்டினார். பளீரென்று வரிசைப் பல்! வெகுகாலம் பொக்கை வாயோடு கஞ்சி குடித்துக் கிடந்த மனிதர், அப்போதுதான் தனக்கென்று பிளாட்டின ஆணி போட்ட செட் ஒன்று கட்டியிருந்தார். அந்த வாரம் முழுக்க, பார்த்தவர்களிடமெல்லாம் கல்யாண வடையைக் கடித்துச் சாப்பிடப் போவதைப் பற்றியே பேச்சு.

பெண்ணுக்கு ஊர் மோகாப் பக்கம். பெயர் வள்ளி. காவடியின்போது பால்குடம் எடுத்து வந்தவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவோ கோபக்காரர். "முகூர்த்தம் தவறினா மாப்பிள்ளை மாறும்" என்று நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார். வெறும் மிரட்டல் அல்ல. வள்ளியின் மாமன் மகன் ஒருவன், புது வேட்டி கட்டித் தலையை வாரிக்கொண்டு, நான் தாமதமாக வரமாட்டேனா என்று காத்திருந்தான்.

ரயிலில் போயிருந்தால் வம்பில்லை. அப்பாவுக்கு பஸ்ஸில் போய் இறங்க ஆசை. ரோஸ் ஹில்லில் இருந்து பஸ்ஸும் ஷோஃபர் ரெனேயும் விடிவதற்குள் வந்துவிட்டார்கள். நாதஸ்வரம், பழத்தட்டு, அத்தைமார் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பஸ், ரோஸ் ஹில் தாண்டி மேடேறும்போது ஒரு தும்மல் போட்டு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கரும்பு. வேறு வண்டி கண்ணில் படவில்லை.

ரெனே மூடியைத் திறந்து, தீப்பொறி போடும் மேக்னெட்டோவைக் குடைந்தான். "மாங்யேதோ மோர்!" என்று கையை விரித்தான். செத்துவிட்டது என்று சொல்லத் தேவையில்லை, முகத்திலேயே தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பத்தர் எட்டிப் பார்த்தார். "அட, இங்கேயும் இருக்கானா நம்ம ஆளு!" என்று ஆனந்தமாகக் கூவினார். தீப்பொறிக்காகத் தொட்டுத் தொட்டு விலகும் இரண்டு முனைகளிலும் பிளாட்டினம் உண்டாம். அதில் ஒரு முனையில் இருந்த துணுக்கு தேய்ந்து கழன்று விழுந்துவிட்டது. பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாக முழுக் கல்யாணக் கூட்டமும் ரோட்டில் மண்டியிட்டுத் தேடியது. கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது, அந்த மாமன் மகன் இந்நேரம் தலையை இன்னொரு தரம் வாரியிருப்பான்.

"உங்ககிட்டத்தான் மூட்டை மூட்டையா இருக்குமே, பத்தரே!" என்றார் அப்பா.

"எல்லாம் போன கப்பல்ல போயிடுச்சே..."

பிறகு நடந்ததை என்னால் மறக்கவே முடியாது. இத்தனை நாள் பத்தர் ஊரார் வாயைப் பார்த்தார். இப்போது ஊரார் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். எல்லாக் கண்ணும் பெரியப்பாவிடம் போய் நின்றது.

பெரியப்பா தியாகிபோலக் கண்ணை மூடிப் பல்லைக் கழற்றி நீட்டினார். பத்தர் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார். "மட்டச் சரக்கு அண்ணே. நிக்கல் ஆணி. ஒரு மைல்கூடத் தாங்காது." பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்த பார்வையில் நாங்களே ஒரு அடி தள்ளி நின்றோம்.

பத்தர் என்னைப் பார்த்தார். என் கண்ணீரையும் பார்த்தார். கரும்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி எங்கள் பக்கம் திரும்பியபோது வாய் உள்ளே போயிருந்தது, கையில் செட் இருந்தது.

"வேணாம் பத்தரே!" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

"ஷும்மா இருடா!" என்றார். கல்லில் வைத்து முன்பல்லை மட்டும்தான் தட்டினார். செட்டே இரண்டாகப் பிளந்துவிட்டது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆணியைப் பிடுங்கினார். ரெனே முனையைப் பிடித்துக்கொள்ள, பழைய துணுக்கு இருந்த துளையில் அதைச் செருகி, ஸ்பானரால் தட்டித் தட்டிப் பரப்பி, அரத்தால் சமன் செய்தார். ரெனே கைப்பிடியைச் சுற்றினான். பஸ் இருமியது, உறுமியது, புறப்பட்டது. நாதஸ்வரக்காரர் சந்தோஷத்தில் அங்கேயே கெட்டிமேளம் கொட்டச் சொல்லிவிட்டார்.

முகூர்த்தம் முடிவதற்குள் தாலி கட்டினேன். மாமன் மகன் தலை கலைந்துபோய் நின்றான்.

பந்தியில்தான் அடுத்த கலவரம். பத்தர் இலையில் வடை அப்படியே இருந்தது. அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என் மாமனார் மீசை துடிக்க வந்தார்.

"எங்க வீட்டுச் சமையல்ல என்ன குறையைக் கண்டீங்க?"

பத்தர் என் அம்மாவைப் பார்த்தார். வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை! அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மாலையோடு எழுந்து நின்று நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் இல்லையென்றால் நான் இந்தப் பந்தலில் இல்லை என்றேன்.

மாமனார் பேச வாயெடுப்பதற்குள் வள்ளி எழுந்து போனாள். பத்தருக்கு எதிரில் உட்கார்ந்து, வடையைக் கையாலேயே பிசைந்து, பாயசத்தில் ஊறவைத்து, "சாப்பிடுங்க மாமா" என்றாள். பத்தர் வாய் கொள்ளாமல் சிரித்தார். யாரும் பயப்படவில்லை.

புதுப் பல் கட்டித் தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. "எதுக்குடா? ஒம் பொண்டாட்டி இருக்காளே" என்றுவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். சோறு குழைந்திருக்கும், காய் மசிந்திருக்கும், வடை ஊறியிருக்கும். வாய் நிறையப் பல்லை வைத்துக்கொண்டு நானும் அதையேதான் சாப்பிட்டேன். என் வாழ்க்கையையே எனக்குக் கொடுத்த மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கென்ன கசக்குமா?

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை வள்ளி இன்றும் குழையத்தான் வடிக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்கும் அப்படித்தான் பிடித்திருக்கிறது.