நாற்பது பேரைப் பட்டினி போட்ட வெண்ணெய்

ஒன்றுமே தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. கேட்டுக் கேட்டுச் செய்வார்கள், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆபத்து என்னைப் போன்ற ஆட்களால்தான் வருகிறது. பாதி விளங்கியவுடனேயே தலையாட்டத் தொடங்கிவிடுவோம். மீதியைச் சொல்ல யாராவது வாயெடுத்தால், 'இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்' என்று சிரித்துக்கொண்டே அந்த வாயை அடைத்துவிடுவோம். அப்படி ஒரு வாயை அடைத்ததில் நான் ஒரு வீட்டை இழந்தேன். (சொந்த வீடு இல்லை. சொந்த வீட்டை இழப்பதென்றால் முதலில் அது இருக்க வேண்டுமே.)

அப்போது நானும் மனைவி வதனியும் பாரிசின் புறநகரான லா கூர்னெவ்வில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் இருந்தோம். மற்ற இரண்டு அறைகளிலும் வேறு இரண்டு குடும்பங்கள். சமையலறைக்கு முறை, குளியலறைக்கு முறை, சண்டைக்கு மட்டும் முறை கிடையாது. வதனிக்கு வயிற்றில் பிள்ளை. வீட்டுக்காரரின் மனைவி ஒருநாள் தேத்தண்ணீர் தந்து, அன்பாகச் சிரித்து, "பிள்ளை பிறக்க முந்தி வேறை இடம் பாருங்கோ. இரவிலை அழுகைச் சத்தம் எங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டா. தேத்தண்ணீரில் சீனியும் குறைவு.

நான் பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தேன். அங்கே வாராவாரம் மதாம் எஸ்தெர் என்று ஒரு யூதப் பெண்மணி வருவார். கொத்தமல்லிக் கட்டு ஒவ்வொன்றையும் மணந்து பார்த்துத்தான் எடுப்பார். அவருடைய தொழுகைக்கூடத்துக்குப் பாரிசுக்குத் தெற்கே ஒரு காட்டுக்குள் பழைய பெரிய வீடு ஒன்று இருந்தது. சில வார இறுதிகளில் அவர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போய் 'சபாத்' எனும் ஓய்வுநாளைக் கழிப்பார்கள். வெள்ளி சூரியன் மறைந்தால், சனி இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை தொலைபேசி இல்லை, வாகனம் இல்லை, அடுப்பு மூட்டுவதும் இல்லை. மரங்களும் பிரார்த்தனையும்தான். அந்த வீட்டைப் பார்த்துக்கொண்ட தம்பதி வயதாகிப் போய்விட்டதால் புதுக் காவல் தம்பதி தேவைப்பட்டது. வாசலோரம் அவர்களுக்கென்றே சின்ன வீடு: இரண்டு அறை, தனிச் சமையலறை, பின்னால் ஒரு துண்டுத் தோட்டம்.

மதாம் எங்கள் முதலாளி அண்ணையிடம் நம்பிக்கையான ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்க, அவர் என்னைக் காட்டினார்.

"தம்பி, ஒரே ஒரு சபாத்தை ஒழுங்காச் சமாளிச்சியெண்டால் வீடு உனக்குத்தான். வாயைக் குடுத்துக் குழப்பிப்போடாதை."

(மனிதரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் ஆளை எடைபோடத் தெரிந்தவர்.)

வெள்ளி மதியம் அவர்களின் பஸ்ஸிலேயே போனோம். வழியெல்லாம் அவர்கள் மரங்களைக் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டார்கள். எனக்குக் காட்டில் அப்படி மயக்கம் எதுவும் இல்லை. பாரிசுக்கு வந்து சேர்ந்த வழியில் சில காடுகளில் படுத்து எழும்பியவன் நான். அங்கே ஒருவரும் பாட்டுப் பாடவில்லை.

ஆனால் அந்தச் சின்ன வீடு! வதனி உள்ளே போனதும் யன்னலைத் திறந்தா. பிறகு கதவைச் சாத்தினா. திரும்பவும் திறந்து, திரும்பவும் சாத்தினா. தன் வீட்டுக் கதவைத் தானே சாத்திப் பார்க்கிற சந்தோஷம் அது. அடுத்த அறைக்குப் போய்க் கையால் சாண் போட்டு அளந்து, "இஞ்சேருங்கோ, தொட்டில் இதிலை" என்றா. நான் பெரிய வீட்டுச் சமையலறைக்குப் போகும்போது எனக்கு மண்டைக்கனம் வந்துவிட்டிருந்தது.

மதாம் சமையலறையைச் சுற்றிக் காட்டினார். சிவப்புப் புள்ளி வைத்த சட்டி, கரண்டி, கத்தி, தட்டு எல்லாம் இறைச்சிக்கு. நீலப் புள்ளி வைத்தவை பாலுக்கு. கழுவும் தொட்டி இரண்டு, குளிர்ப்பெட்டி இரண்டு. ஒன்றோடொன்று சேரக்கூடாது.

எனக்குக் கண்ணீர் வராத குறை. எங்கள் வீட்டிலும் இதுதானே! மீன், இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு, அகப்பைகூட வேறு. வெள்ளிக்கிழமை என்றால் மச்சச் சட்டி கவிழ்த்துத்தான் இருக்கும். பிரான்சுக்கு வந்து இத்தனை காலத்தில் சமையலறையை ஒழுங்காக நடத்தத் தெரிந்த வெள்ளைக்காரரை அன்றுதான் கண்டேன். என் பிரெஞ்சில் அவரை இடைமறித்து, "தெரியும் மதாம், தெரியும். எங்கள் வீட்டிலும் இப்படித்தான்" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். "உண்மையாகவா?"

"எங்கள் அம்மா உங்களைவிட மோசம்."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன்பிறகு அவர் விளக்க வந்த எதையும் நான் விளக்க விடவில்லை. கடைசியில் அவரே அடுப்பை மூட்டி, மூன்று விஷயம் சொன்னார். உருளைக்கிழங்கைச் சிவப்புச் சட்டியில் அவித்து எண்ணெயும் உப்பும் போட வேண்டும். பொரித்த கோழி தட்டத்தில் தயாராக இருக்கிறது, இரவுக்கு எடுத்து வைத்தால் போதும். சபாத் முடியும்வரை அணைக்காமல் விடும் சூட்டுத்தட்டில் இருக்கும் பெரிய சட்டி நாளை மதியத்துக்கு: தஃபினா. இறைச்சி, கோதுமை, கடலை எல்லாம் இரவு முழுக்க மெல்ல வேக வேண்டும், அதைத் தொட வேண்டாம். அதற்குள் பிள்ளைகளின் கூடாரம் ஒன்று சரிந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, ஓடிப்போய்விட்டார்.

நான் உருளைக்கிழங்கோடு நின்றேன். சிவப்புச் சட்டியா? அது மச்சச் சட்டி அல்லவா? மரக்கறியை, அதுவும் வெள்ளிக்கிழமை, மச்சச் சட்டியில் அவிக்கிறதா? பாவம், மனிசி களைப்பில் மாற்றிச் சொல்லிவிட்டா என்று நினைத்தேன். பெருந்தன்மையோடு அவருடைய பிழையைத் திருத்தி, நீலச் சட்டியை எடுத்தேன்.

"அவ சிவப்பெண்டெல்லோ சொன்னவ?" என்றா வதனி.

"மாறிச் சொல்லிப்போட்டா. மரக்கறியை ஆரும் மச்சச் சட்டியிலை வைப்பினமே?"

"ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்கோவன்."

"கேட்டால் இவனுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைப்பா. உமக்கு வீடு வேணுமோ வேண்டாமோ?"

வீடு வேண்டும் என்பதால்தான் வெறும் எண்ணெயோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. சைவக் குளிர்ப்பெட்டியில் (அப்படித்தான் நான் பெயர் வைத்திருந்தேன்) நல்ல வெண்ணெய் இருந்தது. உருளைக்கிழங்கு மினுங்கும்வரை போட்டேன். பிறகு கலியாணவீட்டுப் பந்திபோலக் கோழியைச் சுற்றி உருளைக்கிழங்கை அடுக்கி, மேலே கொத்தமல்லி தூவினேன். அப்போதும் கை அடங்கவில்லை. பெரிய சட்டியைத் திறந்து பார்த்தேன். அடிப்பிடிக்கும்போல இருந்தது. அதற்குள்ளும் ஒரு கட்டி வெண்ணெயை இறக்கி, மூடியை மூடினேன்.

சூரியன் மறைந்தது. மெழுகுதிரிகள் எரிய, வெள்ளை உடுப்போடு நாற்பது பேர் மேசையைச் சுற்றி நின்று பாடினார்கள். ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்தார்கள். நான் தட்டங்களைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வயதான ஐயா உருளைக்கிழங்கு ஒன்றை வாயில் வைத்துக் கண்ணை மூடி, இப்படி ஒரு உருளைக்கிழங்கைத் தான் சாப்பிட்டதே இல்லை என்றார். உண்மைதான். அவர் சாப்பிட்டிருக்கவே முடியாது.

மதாம் எஸ்தெர் என்னைப் பெருமையோடு பார்த்து, "என்ன போட்டாய்?" என்று கேட்டார்.

மேசை முழுக்கக் கேட்கும்படி நான் சொன்னேன்: "வெண்ணெய், மதாம்! நிறைய வெண்ணெய்!"

நாற்பது முள்ளுக்கரண்டிகள் கீழே இறங்கின. அந்த ஐயா மட்டும் வாயில் இருப்பதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தபடி இருந்தார்.

அப்போதுதான் எனக்கு மீதிப் பாதி சொல்லப்பட்டது. அவர்களுக்கு இறைச்சியும் பாலும் ஒரே சட்டியில் சேரக்கூடாது என்பது மட்டுமில்லை, ஒரே சாப்பாட்டிலேயே சேரக்கூடாது. எங்களுக்குச் சட்டிதான் வேறு. தட்டில் ஆட்டிறைச்சிக் குழம்பும் தயிரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், வயிற்றுக்குள் போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அதைப் பற்றி எங்கள் அம்மா ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

கோழி போயிற்று, தட்டுகள் போயின. நான் பதறி, "ஐந்து நிமிஷம் மதாம், அடுப்பை மூட்டி எல்லோருக்கும் புதிதாகச் சமைத்துவிடுகிறேன்" என்றேன். அதைக் கேட்டு இன்னும் பயந்தார்கள். சபாத் தொடங்கிவிட்டது, இனி அவர்களுக்காக யாரும் சமைக்கக்கூடாது.

ஆனால் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். அவர்களின் குரு, "அவருக்குத் தெரியாது, அவர்மேல் குற்றமில்லை" என்றார். மதாம் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தோளில் கைவைத்தார்.

"என் பிழை. நான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இன்றைக்கு ரொட்டி சாப்பிடுவோம். நாளைக்குத் தஃபினா இருக்கிறது, கடவுளுக்கு நன்றி. காவல் வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. பழகிவிடுவாய்."

வீடு இன்னும் என் கையில்தான் இருந்தது. தொட்டில் இருந்தது, தோட்டம் இருந்தது.

வதனி கதவடியில் நின்று தமிழில் கேட்டா: "சொல்லிப்போட்டீங்களோ?"

"என்னத்தை?"

"பெரிய சட்டிக்குள்ளையும் போட்டதை."

"பேசாமல் இரும். கரைஞ்சு போச்சுது. ஆருக்கும் தெரியவராது."

"அவைக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமெல்லோ."

"வதனி, எங்களுக்கு இருக்க இடமில்லை."

"விரதத்தண்டு எனக்கு ஆரேன் மச்சத்தை மறைச்சுத் தந்தால் நான் என்ன பாடுபடுவன்? சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

நான் சொல்லவில்லை. வதனி நேரே போய்ப் பெரிய சட்டியைக் காட்டி, தன்னிடம் இருந்த நாலு பிரெஞ்சுச் சொல்லையும் பொறுக்கி, "மதாம், இதுக்குள்ளையும் பேர்" என்றா. (வெண்ணெய்க்குப் பிரெஞ்சில் 'பேர்'. அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் என்னிடமிருந்து படித்திருந்தா.)

மதாமின் கை என் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. அவர் வதனியைப் பார்த்து நன்றி சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தஃபினாவை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிற துணிச்சலும் எனக்கு இருந்தது. அதுவும் கூடாதாம், நாய்க்குக்கூடக் கொடுக்கக்கூடாதாம். அவ்வளவு இறைச்சி!

அவ்வளவோடு ஓடிப்போக முடிந்திருந்தால் பரவாயில்லை. ரயில் நிலையம் பக்கத்தில் இல்லை, பஸ் சனி இருட்டிய பிறகுதான் வரும். அதுவரை நான் பட்டினி போட்ட நாற்பது பேருக்கு நடுவில் நான் இருந்தாக வேண்டும். சனி மதியம் காகிதத் தட்டில் ரொட்டி, தக்காளி, வெள்ளரிக்காய், டின் மீன். சாப்பிட்டுவிட்டுப் பாடினார்கள்! மேசையில் தட்டிக்கொண்டு, தஃபினா வயிற்றில் இருப்பதுபோலப் பாடினார்கள். ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "வெண்ணெய் போட்ட மசியே நீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனாள். (மசியே என்றால் ஐயா.) வதனியைக் கூப்பிட்டு மதாம் தன் பக்கத்தில் இருத்தி, வயிற்றில் பிள்ளை இருப்பதால் ரொட்டியில் பெரிய துண்டை அவவுக்குக் கொடுத்தார். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இயற்கை எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை.

பஸ் ஏறும்போது மதாம், "கூப்பிடுகிறோம்" என்றார். பாரிசில் வேலை தேடிய எல்லோருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். அந்த வீட்டுக்கு வேறொரு தம்பதி போனார்கள். மதாம் தொடர்ந்து கடைக்கு வந்து கொத்தமல்லியை மணந்தார். என்னிடம் வதனியின் சுகம் மட்டும் விசாரிப்பார். நாங்கள் வில்லியே லே பெல்லில் இன்னொரு அறைக்கு மாறினோம். எங்கள் மகள் ஆரணி கட்டிலிலிருந்து குளிர்ப்பெட்டிவரை நடந்துதான் நடை பழகினாள். அதற்கு மேல் நடக்க இடம் இருக்கவில்லை.

கதையை முதலாளி அண்ணை லா சப்பல் முழுக்கப் பரப்பியிருந்தார். இன்றைக்கு எங்கள் சொந்தத்துக்குள் யாராவது ஒரு பிழையைப் பாதி ஒப்புக்கொண்டால் போதும். மச்சான் ஒருமுறை காரைச் சுவரில் லேசாக உரசிவிட்டதாகச் சொன்னபோது, முழுக் குடும்பமும் சேர்ந்து கேட்டது: "பெரிய சட்டிக்குள்ளையும் போட்டனீங்களோ?" (போட்டிருந்தார். பின்பக்கமும் நெளிந்திருந்தது.)

போன மாதம் லெ பிளாங்-மெனிலில் மச்சான் வீட்டு விருந்தில் ஆரணி தன் சிநேகிதிகளுக்கு இதைப் பிரெஞ்சில் நடித்தே காட்டினாள். என் குரலில் "நிறைய வெண்ணெய்!" என்றபோது ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்தாள். நானும் சிரித்தேன். வருஷக்கணக்காகச் சிரித்துப் பழகிவிட்டேன். அப்போது ஆரணி திடீரென்று தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்த வீடு கிடைச்சிருக்குமா?"

"ஓம், கிடைச்சிருக்கும்" என்றா வதனி. "ஆனால் அந்த வீட்டிலை இருந்து எனக்கு ஒரு பிடி சோறு இறங்கியிராது."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வதனியை மரியாதையோடு பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

எனக்கு இறங்கியிருக்கும். மூன்று நேரமும், கதவைச் சாத்திவிட்டு, நன்றாகவே இறங்கியிருக்கும்.